புது வீட்டுத் தோட்டம்: மூன்று கொட்டேஷனில் எதை எடுப்பது?

கேள்வி இதுதான்: வீட்டு வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. சுற்றிலும் ஏறக்குறைய 2,000 சதுர அடி வெற்றிடம். அதில் பாதி புல்தரை, ஒரு நடைபாதை, நாலைந்து மரம், செடிகளுக்குச் சொட்டுநீர் என்று சொல்லி மூன்று காண்ட்ராக்டர்களிடம் விலை கேட்டாயிற்று. குறைந்த விலைக்கும் கூடிய விலைக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். எதை வைத்து முடிவு செய்வது?

விலையைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். அந்த மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் கட்டடக் குப்பையை அள்ளி, இறுகிய மண்ணைக் கிளறி, தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) எடுத்து, அதன்பிறகு நடுவதற்குக் கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் இருக்கிற தரைமேலேயே நாலு அங்குலம் மண்ணைப் பரப்பிப் புல்லைப் போர்த்துவதற்குக் கணக்குப் போட்டிருப்பார். வேலை முடிந்த அன்று படம் எடுத்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போனால்தான் எது எதுவென்று தெரியும். அதனால் ஆளைத் தேடும்போது, மண்ணுக்கு அடியில் என்ன செய்யப்போகிறேன் என்பதை நீங்கள் கேட்காமலே சொல்கிறவரைத் தேடுங்கள். செடிகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் இனிக்க இனிக்கப் பேசலாம்.

முதல் முறை வந்து பார்க்கும்போதே பாதி தெரிந்துவிடும். கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டு, "என்ன செடி பிடிக்கும்?" என்று ஆரம்பிக்கிறவர் ஒரு ரகம். டேப்பைப் பிடித்து அளந்து, எந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது, கழிவுநீர்க் குழாயும் தொட்டியும் எங்கே இருக்கின்றன, தண்ணீர் எதிலிருந்து வரும், நாளைக்கு யார் பராமரிக்கப் போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறவர் இன்னொரு ரகம். வெயில் கேள்வி சும்மா கேட்பதில்லை. நாளுக்கு நாலைந்து மணி நேரமாவது நேர்வெயில் படாத இடத்தில் பெரும்பாலான புல்வகைகள் அடர்ந்து நிற்காது. அதைக் கேட்காமல், இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ள சந்துக்கும் சேர்த்துப் புல்லுக்கு விலை போட்டிருந்தால், அந்தக் கொட்டேஷன் வீட்டில் உட்கார்ந்து எழுதியது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். புது வீட்டைச் சுற்றியுள்ள மண் தோட்ட மண்ணாக இருக்காது. அஸ்திவாரம் தோண்டும்போது அடிமண் மேலே வந்திருக்கும், நல்ல மேல்மண் புதைந்திருக்கும் அல்லது போயேவிட்டிருக்கும். அதன்மேல் மாதக்கணக்கில் லாரியும் கலவை இயந்திரமும் ஓடி இறுக்கியிருக்கும். சிமென்ட் கலவை கழுவிய தண்ணீர், உடைந்த செங்கல், பூச்சுத் துண்டு, பெயின்ட் எல்லாம் அதிலேயே கலந்திருக்கும். சிமென்ட் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. புதுத்தளிர் மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மேலே எவ்வளவு உரம் கொட்டினாலும் தீராது. வேலை இன்னும் நடக்கிறது என்றால், கலவைச் சட்டிகளையும் இயந்திரத்தையும் கழுவ ஒரே ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் இன்றே பேசிவிடுங்கள். செலவில்லாத காரியம்.

காண்ட்ராக்டர் வருவதற்கு முன்னால் நீங்களே இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். ஈரமான மண்ணில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஒரு அடிவரை இறங்கினால் பரவாயில்லை. மூன்று நான்கு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் மண் இறுகிக் கிடக்கிறது, அல்லது அடியில் குப்பை இருக்கிறது. அடுத்து, ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று அங்குலம் என்றால் நல்ல வடிகால். ஒரு அங்குலத்துக்கும் குறைவென்றால் வடிகால் வேலை செய்யாமல் மரம் நடக் கூடாது. நாலு அங்குலத்துக்கு மேல் என்றால் தண்ணீர் நிற்காது, மட்கு (மக்கிய இலைதழை உரம்) நிறையச் சேர்க்க வேண்டும். வீட்டின் மூன்று நான்கு இடங்களில் இப்படிப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களைச் சொன்னதும், "அப்படியானால் அந்த மூலைக்கு வேறு ஏற்பாடு வேண்டும்" என்று யோசிக்கிறவர் விஷயம் தெரிந்தவர். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது பதிலாகாது.

நல்ல கொட்டேஷனில் மண் வேலை தனித்தனி வரிகளாக இருக்கும்: இத்தனை ஆழம் குப்பை அகற்றுவது, அதை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பது, அடிமண்ணை 8 முதல் 12 அங்குலம் கிளறுவது, வெளியிலிருந்து மேல்மண் இத்தனை கன அடி, மட்கு இத்தனை. அளவை நீங்களே சரிபார்க்கலாம். 1,000 சதுர அடிப் புல்தரைக்கு 6 அங்குலம் மண் என்றால் 500 கன அடி. கொட்டிய மண் அமுங்கும், அதனால் 15 முதல் 20 சதவீதம் கூட வேண்டும், 600 கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கொட்டேஷனில் ஒன்றில் மட்டும் 250 என்றிருந்தால் அவர் ஏன் மலிவாகச் சொன்னார் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. குறுஞ்செடிப் படுகைக்கு ஒரு அடியிலிருந்து ஒன்றரை அடி, மரத்துக்கு இரண்டு மூன்று அடி ஆழம் நல்ல மண் வேண்டும்.

அடிமண்ணைக் கிளறாமல் மேலே புதுமண்ணைப் பரப்புவதுதான் பரவலாக நடக்கிற தவறு. தண்ணீர் புதுமண்ணில் இறங்கி, இறுகிய மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். வேர் தொட்டிக்குள் நிற்பதுபோல ஊறி அழுகும், மேலே செடி வாடும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விடுவார்கள். களிமண்ணை இளக்க மணலைக் கலக்கிறேன் என்று யாராவது சொன்னாலும் உஷாராக இருங்கள். கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் காய்ந்ததும் செங்கல்போல ஆகிவிடும். களிமண்ணுக்கு மட்கும் தொழு உரமும்தான் மருந்து. இரண்டு அங்குல உயரம் பரப்பி, மேல் எட்டு அங்குல மண்ணோடு கலந்தால் நல்ல தொடக்கம். வெளியிலிருந்து வரும் மண் எங்கே எடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். கோரைக் கிழங்கு கலந்த ஒரு லோடு உள்ளே வந்துவிட்டால், பிடுங்கப் பிடுங்க முளைத்துக்கொண்டே இருக்கும். முதல் லோடை இறக்கும்போது பக்கத்தில் நின்று, ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கையால் கிளறிப் பாருங்கள்.

அடுத்தது வாட்டம். சுவரிலிருந்து வெளிப்பக்கமாக முதல் 10 அடிக்கு 6 அங்குலமாவது தரை இறங்க வேண்டும். இடம் குறுகலாக இருந்தால் இருக்கிற தூரத்துக்குள் சரிவைக் கூட்டி, ஓரத்தில் வாய்க்கால் போட வேண்டும். புல்தரைக்கு 100 அடிக்கு 2 அடி கணக்கு. நடைபாதைக்கு 1 முதல் 2 சதவீதம். தோட்ட மண் சுவரின் ஈரத்தடுப்பு மட்டத்துக்கு (தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கப் போட்ட அடுக்குக்கு) 6 அங்குலம் கீழேயே நிற்க வேண்டும். படுகை அழகாகத் தெரியட்டும் என்று சுவரோடு மண்ணை உயர்த்திவிட்டால், உள்சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரியும்போது யாருக்கும் தோட்டம் ஞாபகத்துக்கு வராது. காண்ட்ராக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும்?" வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து மனைக்குப் போகும் என்றால் அது தீர்வாகாது. டியூப் லெவலோ லேசர் லெவலோ வைத்து மட்டம் எடுக்கிறாரா, கண்பார்வையில் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். 30 அடி தூரத்தில் 6 அங்குல ஏற்றத்தைக் கண் சுலபமாகத் தவறவிடும்.

நடைபாதைக் கல் ஆறே மாதத்தில் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கல்லுக்கு அடியில்தான் இருக்கும். ஆள் நடக்கிற பாதைக்கு 4 முதல் 6 அங்குலம் ஜல்லித் தளம் வேண்டும், அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் 3, 4 அங்குல அடுக்காகப் போட்டு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். அதன்மேல் ஒரு அங்குலம் மணல், அதன்மேல் கல். நடப்பதற்கு 60 மி.மீ. கனமுள்ள பேவர் (பாதைக்குப் பாவும் கல்), கார் ஏறுகிற இடத்துக்கு 80 மி.மீ. பேவர், அங்கே ஜல்லியும் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஓரக்கல் வைத்துப் பூட்டாவிட்டால் கற்கள் மெல்ல மெல்ல விலகும். சமமில்லாத தரையை மணலைக் கூட்டிச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. மூன்று அங்குல மணல்மேல் உட்கார்ந்த கல் கட்டாயம் இறங்கும். கொட்டேஷனில் "பேவர், சதுர அடி இவ்வளவு" என்று ஒற்றை வரி இருந்தால், அடித்தளத்தின் கனத்தையும் அடுக்குகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாதை போடுவதற்கு முன் அதன் அடியில் குறுக்காக இரண்டு காலிக் குழாய்களைப் புதைக்கச் சொல்லுங்கள், 2 அல்லது 3 அங்குல விட்டத்தில், இரண்டு முனையும் மூடி. நாளைக்கு விளக்குக்கோ பாசனத்துக்கோ குழாய் கொண்டுபோகப் பாதையை உடைக்க வேண்டியிருக்காது. இதைத் தானாகவே கொட்டேஷனில் சேர்த்திருப்பவரை நம்பலாம். வேலையின் வரிசை அவருக்குத் தெரிந்திருக்கிறது. வரிசை என்றால்: குப்பை அகற்றல், வாட்டம், வடிகால், புதைக்குழாய்கள், சுவர் மற்றும் பாதை, பாசன மெயின் லைன், மண் தயாரிப்பு, மரம், செடி, சொட்டுக் குழாய், மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, பட்டை போன்றவை), கடைசியில் புல். புல்லைப் போட்டுவிட்டு அதன்மேல் ஜல்லி வண்டி தள்ளுகிற காட்சி எங்காவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. வண்டியும் இயந்திரமும் உள்ளே வர வழி இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. சுற்றுச்சுவரை முழுக்க அடைப்பதற்கு முன்பே காண்ட்ராக்டரைக் கூட்டிவந்தால், கூடை கூடையாக மண் சுமக்கும் கூலி மிச்சம்.

மண்ணைத் தாங்கும் சுவர் தேவைப்பட்டால் ஒன்று மட்டும். 4 அடிக்கு மேல் என்றால் கட்டடப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். அதற்குக் கீழே என்றாலும் சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலம் ஜல்லி, அடியில் துளைக்குழாய், சுவரில் நீர்த்துளைகள் கட்டாயம். இவை இல்லாத சுவரை மழைக்குப்பின் ஊறிய மண் தள்ளிச் சாய்த்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு தெரியாத காண்ட்ராக்டரிடம் பாசன வேலையைக் கொடுக்காதீர்கள். 1,000 சதுர அடிப் புல்லுக்கு வாரம் ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,400 லிட்டர். கடும் வெயிலில் இன்னும் கூடும். உங்களிடம் அவ்வளவு இல்லையென்றால் புல்லின் பரப்பைக் குறைக்கச் சொல்லி அவரே முன்வந்து சொல்ல வேண்டும். சொட்டுநீருக்கு முதலில் குழாயின் வரத்தை அளக்க வேண்டும். 20 லிட்டர் வாளி 60 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1,200 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் (செடியடியில் தண்ணீர் சொட்டும் முனை) கணக்கில் 300 வரும். ஆனால் வாளியில் விழும்போது எதிர்ப்பில்லை, வடிகட்டியும் குழாயும் அழுத்தத்தைத் தின்னும், அதனால் ஒரு வால்வுக்கு 220, 230க்கு மேல் போகாமல் பிரிப்பது நல்லது. புல்லும் குறுஞ்செடியும் மரமும் ஒரே வால்வில் இருந்தால், ஒன்று ஊறும், மற்றொன்று காயும். கொட்டேஷனில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு பகுதிக்கும் தனி வால்வு, 120 மெஷ் வடிகட்டி (அங்குலத்துக்கு 120 கண் உள்ள வலை), அழுத்தம் குறைக்கும் வால்வு (சொட்டுக்கு 1 முதல் 1.5 பார் போதும்), ஒவ்வொரு சொட்டுக் குழாயின் கடைசியிலும் திறந்து கழுவிவிடும் மூடி. கடைசி மூடி இல்லாத சொட்டுக் குழாய் சேறு கட்டி, தூரத்துச் செடிகள்தான் முதலில் சாகும். தெளிப்பான் என்றால் ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் அடிவரை எட்ட வேண்டும். இடைவெளியைக் கூட்டிச் செலவைக் குறைத்தால் புல்லில் வட்டம் வட்டமாகக் காய்ந்த திட்டுகள் தெரியும். குழாய்களை மூடுவதற்கு முன், அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்துத் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். பின்னால் எங்கே கடப்பாரையைப் போடலாம் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

செடிப் பட்டியலில் "அலங்காரச் செடி 200 எண்ணம்" என்றிருந்தால் அது பட்டியலே இல்லை. தாவரவியல் பெயர், பையின் அல்லது தொட்டியின் அளவு, உயரம், மரமானால் தண்டின் சுற்றளவு, எண்ணிக்கை, நடும் இடைவெளி எல்லாம் இருக்க வேண்டும். ஒரே பெயரில் ஒரு அடி நாற்றும் உண்டு, ஆறடி மரமும் உண்டு. விலை வித்தியாசத்தில் பாதி இங்கே ஒளிந்திருக்கும். சிலர் சொந்தமாக நர்சரி வைத்திருப்பார்கள். அதில் தப்பில்லை, ஆனால் அங்கே தேங்கிக் கிடப்பதெல்லாம் உங்கள் தோட்டத்துக்குத்தான் பொருத்தம் என்று தோன்றிவிடும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு செடியும் முழுசாக வளர்ந்தால் எத்தனை அடி அகலம் என்று கேளுங்கள். முதல் நாளே நிறைந்து தெரிய வேண்டும் என்று நாலு அடி விரியும் செடியை ஒரு அடிக்கு ஒன்று வைத்தால், இரண்டே வருடத்தில் பாதியைப் பிடுங்க வேண்டும். அதற்கும் கூலி நீங்கள்தான் கொடுப்பீர்கள். பெரிய மரங்களைச் சுவரிலிருந்தும் கழிவுநீர்க் குழாயிலிருந்தும் 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஆல், அத்தி இனத்து மரங்களை வீட்டருகே யோசனை சொல்கிறவரிடம் வேரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

செடி வந்து இறங்கும்போது பத்தில் ஒன்றைப் பையிலிருந்து உருவிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கட்டும். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறாக முறுக்கியிருந்தால் அது நட்டபின்னும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கொஞ்சமாக இருந்தால் வெட்டிவிட்டு நடலாம், நிறைய இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மரக்குழி வேர்க்கட்டியைப்போல (பையிலிருந்து வேரோடு வரும் மண்கட்டியைப்போல) இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கலாம், ஆழம் மட்டும் அதன் உயரத்தைத் தாண்டக் கூடாது. தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் தரைமட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். மின்கம்பம்போல நேராக மண்ணுக்குள் இறங்குகிற மரம் ஆழமாக நடப்பட்ட மரம். அது உடனே சாகாது, உத்தரவாதம் முடிந்தபின் மெல்லச் சாகும். மூடாக்கு 2, 3 அங்குலம் போதும், தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளி.

பழைய வேலையைக் காட்டச் சொல்லும்போது, போன மாதம் முடித்த தோட்டம் வேண்டாம், இரண்டு வருடத்துக்கு முந்தையதைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். பாதை ஓரம் இறங்கியிருக்கிறதா, சுவரடியில் ஈரக்கறை இருக்கிறதா, எங்கே தண்ணீர் நிற்கிறது, மரத்தின் அடி எப்படி இருக்கிறது என்று மேலே சொன்னதையெல்லாம் அங்கே பாருங்கள். வீட்டுக்காரரிடம் மூன்றே கேள்வி: கடைசிப் பில் கொட்டேஷனிலிருந்து எவ்வளவு கூடியது, ஏன்? செத்த செடியை மாற்றித் தந்தாரா? பணம் முழுக்க வாங்கியபின் கூப்பிட்டால் வந்தாரா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அதிகமாக மதியுங்கள்.

இவ்வளவும் ஆனபிறகு நீங்களே ஒரு வேலைப் பட்டியல் தயாரித்து, அதே அளவுகளுக்கு மூன்று பேரிடமும் மறுபடி விலை கேளுங்கள். இரண்டு மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும். அப்போதும் ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால், எந்த வரியில் குறைகிறது என்று பார்த்து அதைப் பற்றி மட்டும் பேசுங்கள். குப்பை அகற்றலும் மண்ணும்தான் குறைகிறது என்றால் விட்டுவிடலாம். கூலியில் குறைகிறது என்றால், வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவாரா, இடத்தில் தினமும் யார் நிற்பார் என்று கேளுங்கள். ஆட்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, புதைந்த குழாயோ மின்கம்பியோ உடைந்தால் யார் சரிசெய்வது என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

பணத்தை வேலையின் கட்டங்களோடு கட்டிப்போடுங்கள். முன்பணம் 20 சதவீதம், வாட்டமும் வடிகாலும் முடிந்தபின் 25, பாதையும் சுவரும் முடிந்தபின் 25, நடவு முடிந்தபின் 20, மீதி 10 சதவீதம் 90 நாள் கழித்து. வடிகாலுக்கான தவணையைக் கொடுப்பதற்கு முன் ஹோஸ் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் எப்படிப் போகிறது என்று நின்று பாருங்கள். மூடியபின் பார்க்க முடியாது. இடையில் வேலை கூடினால் விலையும் நாளும் எழுதிக் கையெழுத்தானபின்தான் தொடங்க வேண்டும். தேதியை நெருக்காதீர்கள். குழாய் புதைத்த பள்ளங்கள் அமுங்க அவகாசம் வேண்டும், குடிபோகும் நாளுக்குள் புல் தெரிய வேண்டும் என்று விரட்டினால் முதல் மழையில் பள்ளத்தின் தடம் புல்மேல் கோடாகத் தெரியும்.

செடிக்கு உத்தரவாதம் என்று பொதுவாக எழுதினால் பிறகு சண்டைதான் வரும். "தண்ணீர் விடாததால் செத்தது" என்று ஒருவரும் "நட்டதே சரியில்லை" என்று மற்றவரும் சொல்வார்கள். அந்த 90 நாளும் தண்ணீரும் களையும் காண்ட்ராக்டரின் பொறுப்பு என்று எழுதி, அதற்குத் தனியாக விலை கேட்பது மேல். வாரம் எத்தனை முறை வருவார் என்பதும் அதில் இருக்கட்டும். பத்தைகளாக விரித்த புல் பிடித்துவிட்டதா என்பதை மூன்றாவது வாரத்தில் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும், வராமல் மண்ணைப் பற்றிக்கொண்டால் வேர் இறங்கிவிட்டது. முதல் வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, அந்த வெட்டையும் காண்ட்ராக்டரின் ஆளே வந்து செய்ய வேண்டும். கடைசி 10 சதவீதத்தைக் கொடுக்கும் அன்று, அவரை உடன் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வையும் திறந்து, ஒவ்வொரு குழாயின் கடைசிச் சொட்டுவான்வரை நடந்து பாருங்கள். செத்த செடிகளை எண்ணி, மாற்றும் தேதியைக் குறித்து, குழாய் வரைபடத்தையும் வால்வு நேரப் பட்டியலையும் கையில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.